மேட்டூரில் விலை போனது அலுமினியமா, கரண்டா?

மின்னாற்பகுப்பு என்றதும் 'அது சயின்ஸ் குரூப் சமாச்சாரம்' என்று ஒதுங்கிவிடுகிறோம். பி.காம் படிக்கிறவன் சொல்கிறேன், அதில் முக்கால்வாசி நம்ம காஸ்டிங்தான். சந்தேகமிருந்தால் சிம்மக்கல் லைப்ரரியில் ஒரு கெமிஸ்ட்ரி புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

உப்புத் தண்ணீரில் இரண்டு மின்முனைகளை இறக்கி டி.சி. கரண்ட் கொடுத்தால் பாசிட்டிவ் பக்கம் குளோரின், நெகட்டிவ் பக்கம் ஹைட்ரஜன், தண்ணீரில் காஸ்டிக் சோடா. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள். கவரிங் நகைக்கு முலாம் ஏறுவதும் இதே வழிதான். கரைசலில் இருக்கும் தங்கம், நெகட்டிவ் பக்கம் தொங்கும் நகையில் போய்ப் படிகிறது. எவ்வளவு கரண்ட் பாய்கிறதோ அவ்வளவுதான் சரக்கு என்று 1830களிலேயே ஃபாரடே கணக்கு எழுதிவிட்டார். அதில் தள்ளுபடியே கிடையாது!

நம்ம பாடத்தில் கரண்ட் பில்லை பெரும்பாலும் ஓவர்ஹெட்டில் தள்ளிவிடுவோம். இங்கே அது செல்லாது. இந்தத் தொழிலில் கரண்டுதான் மூலப்பொருள். ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 98 ரூபாய் கரண்டுக்கே போச்சு. பாக்சைட், கார்பன், சம்பளம் எல்லாம் அதற்கு மேல்.

மேட்டூர் மால்கோ கதை இதுதான். ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டும் அணை மின்சாரமும் பக்கத்திலேயே இருந்ததால் 1960களில் அங்கே அலுமினியம் உருக்க ஆரம்பித்தார்கள். 2008 கடைசியில் உலகச் சந்தையில் அலுமினிய விலை சரிந்ததும் உருக்காலை நின்றது. ஆனால் அந்த ஆலைக்காகவே கட்டிய மின்நிலையம் நிற்கவில்லை, அதன்பிறகு மின்வாரியத்துக்கு கரண்ட் விற்றது. உலோகமாக்கி விற்பதைவிட கரண்டாகவே விற்பது லாபம் என்று ஆகிவிட்டது. கம்பெனிக்குக் கணக்கு சரிதான். உலையில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு?

இப்போது பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டத்தின் இலக்கு, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும். பெருக்கினால் 25,000 கோடி யூனிட்! தமிழ்நாடு முழுக்க ஒரு வருஷம் செலவழிப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம்ம தென்மாவட்டக் காற்றாலைகளையும் இதற்குக் கைகாட்டுகிறார்கள். நல்லது, நான் எதிரி இல்லை. ஆனால் எத்தனை ஆயிரம் வேலை என்று மேடையில் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: யூனிட் என்ன விலைக்குக் கொடுக்கப்போகிறீர்கள், எத்தனை வருஷத்துக்கு?