உறவுக்கும் உண்டு முத்திரைத் தீர்வை

தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிப்பது சட்டமியற்றும் அவைகளின் பொறுப்பு என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. திருமணத்துக்குக் குறைவான குடிமை இணைவையும் உரிமையாகக் கோர முடியாது என்பது ஐவரில் மூவரின் முடிவு. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆயினும் தமிழ்நாட்டில் விவாதம் முடியவில்லை. இத்தகைய இணையர் 'குடும்பப் பிணைப்புப் பத்திரம்' பதிந்துகொள்ள வழிசெய்வது குறித்துப் பரிசீலிக்குமாறு, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மாநில அரசுக்கு யோசனை கூறினார். குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியன்று என்று 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது.

பொருளியல் படித்தவனுக்கு எழும் கேள்வி வேறு: அந்தப் பத்திரம் யாரைக் கட்டுப்படுத்தும்? ஒப்பந்தம் கையெழுத்திட்ட இருவரைக் கட்டும். வங்கியையோ மருத்துவமனையையோ சார்பதிவாளரையோ கட்டாது. திருமணத்தின் மதிப்பே மூன்றாம் நபரும் அதற்குக் கட்டுப்படுவதில்தான் இருக்கிறது.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலைக் கூலியில் சிறுகச் சேர்த்து, இரு பெண்கள் ஒருவர் பெயரில் வீடு வாங்கியதாகக் கொள்வோம். வழிகாட்டி மதிப்பு 10 லட்சம் ரூபாய். கணவன் மனைவியாயின் ஒருவருக்கொருவர் செட்டில்மெண்ட் எழுத 1 சதவீத முத்திரைத் தீர்வை, 10,000 ரூபாய். இவர்கள் சட்டத்தின் கண்ணில் அந்நியர். 7 சதவீதம், 70,000 ரூபாய். எழுதாமலே ஒருவர் இறந்தால், மணமாகாத இந்துப் பெண்ணின் சொத்து பெற்றோருக்கும், அவர்கள் இல்லையெனில் தந்தையின் வாரிசுகளுக்கும் போகும். கரிசல்காட்டில் பங்காளிகள் வந்து சேர அதிக நேரம் பிடிக்காது! உயில் எழுதலாம், தீர்வையும் இல்லை; ஆனால் உயிலை எழுதியவரே மாற்றலாம், உறவினர் வழக்காடலாம். கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது நல்லதே. எனினும் வாரிசுதாரர் இருக்க, நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி உரிமையாளர் ஆகமாட்டார்.

வாரிசுரிமைச் சட்டத்தில் கைவைப்பது மாநிலத்துக்கு எளிதன்று. முத்திரைத் தீர்வை விகிதமோ மாநிலப் பட்டியலில் உள்ளது. பத்திரம் பதிந்த இணையரைச் சலுகைக்கான 'குடும்பம்' என்ற வரையறையில் சேர்க்கத் தில்லியின் அனுமதி வேண்டியதில்லை. வீடு விற்பவரும் வாங்குபவரும் இணையர் என்று பொய்யாகப் பதிந்து தீர்வையைத் தவிர்ப்பார்களே என்று பதிவுத்துறை அஞ்சலாம். அச்சம் நியாயமானது. பிணைப்புப் பத்திரம் பதிந்து மூன்றாண்டுகள் கழித்தே சலுகை என்று விதித்தால், அந்தக் குறுக்கு வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.