நெய்வேலியில் நம் கவுன்சிலர் யார்?

தெருவிளக்கு எரியவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டது. குப்பை வண்டி நான்கு நாளாக வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

மந்தாரக்குப்பத்தில் இருப்பவரிடம் கேட்டால் உடனே பதில் வரும். அது கங்கைகொண்டான் பேரூராட்சி. அங்கே வார்டு உண்டு, வார்டுக்கு ஒரு கவுன்சிலர் உண்டு. சுற்றியுள்ள கிராமங்களில் ஊராட்சி என்ற அமைப்பு உண்டு. ஆனால் நெய்வேலி நகரியத்துக்குள் இருபதாம் வட்டத்திலோ முப்பதாம் வட்டத்திலோ குடியிருப்பவர் யாரிடம் சொல்வது? என்எல்சியின் நகர நிர்வாக அலுவலகத்தில்தான். அங்கே உட்கார்ந்திருப்பவர் அதிகாரி. அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் சரியில்லை என்றால் ஐந்தாண்டு கழித்து மாற்றவும் நமக்கு வழியில்லை.

2011 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரம் இது. சட்டமன்ற உறுப்பினருக்கு ஓட்டுப் போடுகிறோம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஓட்டுப் போடுகிறோம். வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய மூன்றாவது பிரதிநிதி மட்டும் இல்லை. அரசியல்வாதிகள் மக்களோடு எப்படித் தொடர்பில் இருக்கிறார்கள் என்ற பேச்சை நெய்வேலியில் இந்த ஓட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கு அரசியல் சட்டத்திலேயே இடமிருக்கிறது. நகராட்சிகளைப் பற்றிய பிரிவு 243கியூ, ஒரு தொழில் நிறுவனமே குடிநீர், துப்புரவு போன்ற வசதிகளைச் செய்துகொடுக்கும் பகுதியைத் 'தொழில் நகரியம்' என்று ஆளுநர் அறிவித்தால் அங்கே நகராட்சி அமைக்காமல் விடலாம் என்கிறது. ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனத்தின் நகரத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி வேண்டும் என்ற வழக்கு பல பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. தண்ணீர் வருகிறது, ரோடு நன்றாக இருக்கிறது, பிறகு எதற்கு கவுன்சிலர் என்று கேட்பவர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

எதற்கு என்று தலித்துகளான நாம் கேட்டுப் பார்ப்போம். பிரிவு 243டி நகராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள் தொகைக்கேற்ப இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. நகராட்சியே இல்லாத இடத்தில் ஒதுக்கீடு எதில் வரும்? நகரியத்தில் தெருக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளியான ஒரு தலித் பெண், நகராட்சி இருந்தால் அதே தெருவின் கவுன்சிலராக ஆகியிருக்கலாம். அந்த வாய்ப்பை எந்தத் தேர்தலிலும் அவர் தோற்று இழக்கவில்லை. தேர்தலே நடக்காததால் இழந்தார். நல்ல ரோடு போட்டுத்தருகிறோம் என்பது இதற்கு ஈடாகாது.

தொடர்பு என்ற சொல்லை நம் கட்சிகள் எப்படிப் புரிந்து வைத்திருக்கின்றன என்று பாருங்கள். கல்யாணத்துக்கு வருவது, சாவுக்கு மாலை போடுவது, காதுகுத்துக்கு மொய் எழுதுவது, வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் வாழ்த்து அனுப்புவது. "நம்ம எம்.எல்.ஏ. கூப்பிட்டா வந்துருவாருண்ணே" என்பதுதான் ஒருவருக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு. வருவது நல்ல குணம்தான். ஆனால் வருவது அவர் விருப்பம். எந்தத் தெருவரை வருகிறார், யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறார், ஊர்த் தெருவில் எத்தனை நிமிடம், சேரியில் எத்தனை நிமிடம் என்பதெல்லாம்கூட அவர் விருப்பம். நம் வீட்டில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார் என்பதையே இன்னும் செய்தியாகச் சொல்கிறோம் என்றால், அந்தத் தொடர்பு எவ்வளவு மெலிந்தது என்று புரியும்.

அவர்களுக்கு நம்மைப் பற்றித் தெரியாமல் இல்லை. மிக நன்றாகத் தெரியும். தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்ற பட்டியல் வெளியாகிறது. எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது அதில் அப்படியே இருக்கிறது. காலனிக்கு என்று தனி வாக்குச்சாவடி இருந்தால், அந்தக் காலனி யாருக்குப் போட்டது என்பதும் தெரிந்துவிடும். வாக்குச்சீட்டுக் காலத்தில் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதி இருந்தது. மின்னணு எந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்து வெளியிடும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. ஆக, நாம் என்ன செய்தோம் என்பது சாவடி வாரியாக அவர்களுக்குத் தெரியும். அவர்கள் நமக்காக என்ன செய்தார்கள் என்பதற்கு நம் கையில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. இதை ஒருவழித் தொடர்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது மனு முகாம்களுக்கு வருவோம். 2025 ஜூலை 15 அன்று, நம் கடலூர் மாவட்டத்தின் சிதம்பரத்தில்தான் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'உங்களுடன் ஸ்டாலின்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாநிலம் முழுக்க 10,000 முகாம்கள். நகர்ப்புறத்தில் 13 துறைகளின் 43 சேவைகள், ஊரகத்தில் 15 துறைகளின் 46 சேவைகள். வீட்டுக்கே வந்து விண்ணப்பம் கொடுத்தார்கள். இதில் பயன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தவருக்குத்தான் அந்த முகாமின் அருமை தெரியும்.

ஆனால் அதே 2025 ஜூலையில் நம் ஊராட்சிகளின் நிலை என்ன? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அவற்றின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. தேர்தல் நடத்தவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். தலித் பெண் தலைவராக உட்கார்ந்திருந்த நாற்காலிகளில் அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். அதாவது, கேள்வி கேட்க நமக்கு இருந்த மன்றம் காலியாக இருந்தபோது, மனு வாங்கும் முகாம் வந்தது. 46 சேவைகளில் 'பதில் சொல்' என்பது ஒரு சேவை இல்லை.

தோழர்களே, மனுவுக்கும் கேள்விக்கும் உள்ள வித்தியாசத்தை அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மனு ஒருவர் மேலே பார்த்துக் கொடுப்பது. அதற்கு ரசீது வரும், குறுஞ்செய்தி வரும், சில சமயம் காரியமும் நடக்கும். நடந்தால் நன்றி சொல்ல வேண்டும். கேள்வி பலர் கூடி நேருக்கு நேர் கேட்பது. கிராம சபை அதற்காகத்தான் இருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி அது சட்டப்பூர்வமான அமைப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். வரவு செலவை வாசிக்க வேண்டும், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மனு தனி ஆளின் பெயரில் இருக்கும். தீர்மானம் ஊரின் பெயரில் இருக்கும். நகரியத்தில் கிராம சபையும் கிடையாது, வார்டு குழுவும் கிடையாது.

அமைப்பு இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் இதே மாவட்டம்தான் காட்டியது. 2020-இல் புவனகிரி பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படம் வெளியானது. நாடே பார்த்தது, வழக்கும் பதிவானது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 'உள்ளாட்சியில் இருந்து என்ன பயன்' என்று சோர்ந்து போனவர்கள் உண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலிக்கு அதிகாரம் இருப்பதால்தான் அதில் அவரை உட்காரவிடாமல் தடுத்தார்கள். மனு வரிசையில் நிற்கும் நம்மை யாரும் தடுக்கவில்லையே, ஏன் என்று யோசியுங்கள்.

நிலத்தின் கதைக்கு வருகிறேன். 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பரவனாறு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காகக் கதிர் விடும் பருவத்து நெல் வயலில் என்எல்சி பொக்லைன்களை இறக்கியது. அன்றிலிருந்து எல்லாக் கட்சிகளும் வந்தன. ஜூலை 28 அன்று நெய்வேலியில் பாமக நடத்திய முற்றுகை கலவரத்தில் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பயிர் அழிப்பைக் கண்டு வேதனைப்பட்டது. கடைசியில் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று ஆனது.

ஏக்கருக்கு. இந்தச் சொல்லைக் கவனியுங்கள். ஏக்கர் இல்லாதவருக்கு? அந்த வயல்களில் நாற்று நட்ட, களை பறித்த, அறுப்பை எதிர்பார்த்திருந்த கூலிப் பெண்களின் பெயர் எந்தப் பட்டாவில் இருக்கிறது? நிலம் கொடுத்தவருக்கு வேலை கொடு என்ற கோரிக்கை நியாயமானது, அதை ஆதரிக்கிறோம். ஆனால் நிலத்தில் வேலை செய்தவரின் வேலை என்ன ஆனது என்று கேட்டுச் சேரிக்கு வந்த தலைவர்கள் எத்தனை பேர்? தொடர்பு என்பது சொத்து வைத்திருப்பவரோடு மட்டும் என்றால், நூற்றாண்டுகளாகச் சொத்து மறுக்கப்பட்டவர் அந்தத் தொடர்புக்கு வெளியேதான் நிற்பார்.

2013-இன் ஒன்றிய நில எடுப்புச் சட்டம், கையகப்படுத்தலுக்கு முன் மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்து வாழ்ந்த நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றே சொல்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடு செய்யவும் ஊருக்குள் பொது விசாரணை நடத்தவும் சொல்கிறது. தமிழ்நாடு என்ன செய்தது? 1997-இன் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்துக்கு அந்தப் படிகளிலிருந்து விலக்கு வாங்கியது. உயர் நீதிமன்றம் 2019-இல் அதை ரத்து செய்தபோது, புதிய சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2021-இல் அதை ஏற்றுக்கொண்டது. கூலிக்காரர் எழுந்து நின்று பேசச் சட்டம் கொடுத்த ஒரே கூட்டத்தை ரத்து செய்துவிட்டு, வாரா வாரம் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு வா என்கிறார்கள்.

வேறு விதமான தொடர்பும் நம் மண்ணில் இருந்திருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து எழுந்த எல்.இளையபெருமாள், 1965-இல் அமைக்கப்பட்ட தீண்டாமை பற்றிய தேசியக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். குழு மாநிலம் மாநிலமாகச் சென்று விசாரித்து 1969-இல் அறிக்கை கொடுத்தது. பின்னாளில் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு அடித்தளமாக அமைந்த வேலைகளில் அதுவும் ஒன்று. 2025 ஜூலையில் முதலமைச்சர் அதே சிதம்பரம் பயணத்தில் இளையபெருமாள் நூற்றாண்டு அரங்கத்தையும் திறந்து வைத்தார். அரங்கம் திறந்தது மகிழ்ச்சி. இளையபெருமாள் விசாரித்ததுபோல் விசாரிப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

இளைஞர்கள் இனி என்ன செய்வது? கையில் இருக்கும் சட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-இன் விதி 17 மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது. கலெக்டர் தலைவர். மாவட்டத்தின் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நம் மக்கள் பிரதிநிதிகள் நம் பிரச்சினைக்காக உட்கார்ந்தே தீர வேண்டிய கூட்டம் இது. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை கூடியது, யார் யார் வந்தார்கள், நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 சதவீதம், அதாவது 75 லட்சம், பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்குப் பரிந்துரைக்கப்பட வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. எந்தத் தெருவுக்கு எவ்வளவு வந்தது என்று கணக்குக் கேளுங்கள். அவர்களுக்குப் படிவம் 20 இருப்பதுபோல் நமக்கும் தெரு வாரியாக ஒரு பட்டியல் வேண்டாமா?

கிராமத்துப் பிள்ளைகள் ஆறு கிராம சபைகளில் ஒன்றையும் விடாதீர்கள். நிலமற்ற கூலிக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலைத் தீர்மானமாக எழுத வையுங்கள். அடுத்த முறை அளவைக் கல் நடும்போது அந்தக் காகிதம் பேசும்.

நகரியத்துப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரே கோரிக்கை போதும்: நெய்வேலி நகரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி. வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளரிடமும் இதைக் கேளுங்கள். 2021-இல் நெய்வேலி சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 977 ஓட்டு. 2019-இல் சிதம்பரம் தனித் தொகுதியில் 3,219 ஓட்டு. இரண்டு மூன்று வாக்குச்சாவடிகள் மனது வைத்தால் முடிவு மாறும் இடத்தில் நின்றுகொண்டு, நாம் இன்னும் மனுவைக் கையில் பிடித்து வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை.

நம் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடியுங்கள், மறுக்கவில்லை. குடித்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.