மாற்றுச் சிறுநீரகமும் மருந்துக்கடையும்

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புதானத்தில் 2008 முதல் தமிழகம் நாட்டுக்கு வழிகாட்டுகிறது. அப்படிக் கிடைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காப்பது டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள்தான். ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. நெஞ்சுச்சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசினும், படர்தாமரைக்குத் தரும் ஃப்ளுகோனசோலும் அது சிதைவதைத் தடுத்து, அளவை நஞ்சாகும் மட்டத்துக்கு ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு: அளவைச் சரித்து, உறுப்பையே பறித்துவிடலாம். காசநோய் மலிந்த நம் நாட்டில் இது அரிய சிக்கல் அல்ல. மூட்டுவலிக்கு மருந்துச்சீட்டின்றிக் கேட்டதும் கிடைக்கும் டைக்ளோஃபினாக்கோ சிறுநீரகத்தையே நேராகத் தாக்கும். நோயாளியைக் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்கு யார் சொன்னார்கள்? தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயர்களைத் தமிழில் அச்சிட்ட அட்டையை, வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் மருத்துவமனைகள் தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.