அந்த ஒரு பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

அட்டவணையில் நீதிபோதனை என்று இருக்கும். வகுப்புக்குள் வருவது கணக்கு ஆசிரியர். பரீட்சை நெருங்குகிறது, பாடம் முடியவில்லை என்பார். எந்த ஊர்ப் பிள்ளையைக் கேட்டாலும் இதே கதைதான். பக்கத்து பெஞ்சுப் பையன் ஏன் நாலு நாளாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று விசாரிக்கக் கற்றுக்கொடுக்க இருப்பது அந்த ஒரு பீரியட். அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

நாங்குநேரிக்குப் பிறகுமா? 2023 ஆகஸ்டில், சக மாணவர்களின் சாதிச் சீண்டல் பொறுக்காமல் பள்ளிக்கே போகாமல் இருந்தான் அவ்வூர்ப் பிள்ளை ஒருவன். ஆசிரியர்கள் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். அன்றிரவே அந்த மாணவர்கள் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். குறுக்கே விழுந்து தடுத்தவள் அவன் தங்கை. அதற்கு வெகு முன்பே, வகுப்பில் ஒருவன் எழுந்து “விடுங்கடா அவனை” என்று சொல்லியிருக்கலாம். சொல்லும் தைரியத்தை நாம் யாருக்குக் கொடுத்தோம்?

அதன் பிறகு அரசு கேட்டு நீதியரசர் சந்துரு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அறநெறி வகுப்பும் கேட்டார், பள்ளிக்கு நல அலுவலரும் கேட்டார். நாமோ, சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிற்றைத் தடுக்கச் சொன்னதைப் பற்றியே சண்டை போட்டு முடித்தோம்.

மாணவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பக்கத்திலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலின் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. படிக்கும் மாணவர்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய், இரவில் விளக்கு. நோய் வந்தால் 15 கட்டில் போட்ட ஆதுலர்சாலை என்ற மருத்துவமனை, அதற்கு வைத்தியர், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள். வேதம் முதலியன படித்த சிலருக்குத்தான் அந்தப் பராமரிப்பு. ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இல்லை. ஆனாலும் மாணவனைப் பார்த்துக்கொள்ள இத்தனை பேர் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டப் பள்ளிகள் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். ஆசிரியர்களும் நின்று படிக்க வேண்டும்.

இன்று எல்லோருக்கும் பள்ளி இருக்கிறது. மனம் நொந்த பிள்ளை நேரே போய் நிற்க ஓர் ஆள் எத்தனை பள்ளியில் இருக்கிறார்? புகார்ப்பெட்டி நல்லதுதான், 14417 என்ற உதவி எண்ணும் நல்லதுதான். ஆனால் அடுத்தவனுக்காக வாய் திறக்கும் பிள்ளைக்கு அன்று மாலையே துணை வேண்டும். கல்வித்துறை உடனே உத்தரவு போடட்டும்: நீதிபோதனை பீரியடை எந்தப் பாடத்துக்கும் கொடுக்கக்கூடாது. புகார் சொன்ன பிள்ளையின் வீட்டுக்கு அன்றே தகவல் போக வேண்டும். மிரட்டல் இருந்தால் போலீசுக்கும் அன்றே போக வேண்டும். அந்தப் பிள்ளையை ஓர் ஆசிரியர் கூடவே போய் வீட்டில் விட்டுவர வேண்டும்.