ரெண்டரை வருஷ ஜெபத்தில் விடாத குடி... ஒரு போன் காலில் கிடைத்த வழி!

சனிக்கிழமை சாயங்காலம். கொங்கு நாட்டில் பல பேருக்கு அது வாரச் சம்பள நாள். 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்த சரவணம்பட்டியில் ஒரு பக்கம் ஐடி பார்க், இன்னொரு பக்கம் எழும்பிக்கொண்டே இருக்கும் அபார்ட்மென்ட்கள். சாஃப்ட்வேர்காரருக்கு 'டீம் ட்ரீட்', கொத்தனாருக்கு 'உடம்பு வலி'. காரணம்தான் வேறு வேறு.

மறுநாள் காலையில் அதே ஊரில் ஞாயிறு ஆராதனை. பின்வரிசையில் ஒரு பெண் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அழுது ஜெபிக்கிறார் என்றால், என்ன விண்ணப்பம் என்று பாஸ்டர் கேட்கவே வேண்டியதில்லை. "அவரு குடியை விடோணுமுங்க."

இந்த வேண்டுதலுக்கு மதம் கிடையாது. கோயிலில் கயிறு கட்டுகிறார்கள், மாலை போடுகிறார்கள். 48 நாள் ஒரு சொட்டு தொடாதவர், மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடை வாசலில் நிற்பதையும் பார்க்கிறோம். 48 நாள் இருக்க முடிந்தவருக்கு மனஉறுதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. 49-வது நாள் காலையில் அவர் யாரிடம் போய்ப் பேசுவார் என்பதுதான் கேள்வி.

இதே கேள்விக்கு 90 வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் தடுமாறி ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். இருவருமே கிறிஸ்தவ ஜெபக்குழுவோடு தொடர்புள்ளவர்கள்.

முதலாமவர் பில் வில்சன், நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழில் செய்தவர். 1934 டிசம்பரில் குடிநோய்க்காக மருத்துவமனையில் கிடந்தபோது, 'கடவுள் என்று ஒருவர் இருந்தால் வரட்டும்' என்கிற மாதிரி கதறியிருக்கிறார். அறை முழுக்க வெளிச்சம் பரவியதுபோல ஓர் அனுபவம். அதற்குப் பிறகு 1971-ல் சாகும்வரை அவர் குடிக்கவில்லை.

சாட்சிக் கூட்டங்களில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் பில் கதையில் முக்கியமான இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

ஐந்தே மாதத்தில், 1935 மே மாதம், வியாபார வேலையாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துக்குப் போனார். போன காரியம் ஊற்றிக்கொண்டது. ஹோட்டல் லாபியில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் சுவரில் உள்ளூர் தேவாலயங்களின் பட்டியல், பக்கத்திலேயே போன். வெளிச்சம் பார்த்தவருக்கும் கால் பாருக்குத்தான் இழுத்தது! ஆனாலும் போனை எடுத்து ஒரு போதகரை அழைத்தார். தன்னைப்போல இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

அப்படிச் சுற்றிச் சுற்றிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அறுவை சிகிச்சை நிபுணர். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவக் குழுவுக்கு ரெண்டரை வருஷமாகப் போய்க்கொண்டிருந்தார். வேதம் வாசித்தார், ஜெபித்தார், குடித்தும் கொண்டிருந்தார். பில்லோடு பேச அவர் ஒதுக்கியது 15 நிமிஷம். பேச்சு முடிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பில் அவருக்குப் புத்திமதி சொல்லவில்லை, தன் கதையைத்தான் சொன்னார். தன்னைப்போலவே குடித்து விழுந்த ஓர் ஆள் பேசியதை டாக்டர் பாப் கேட்டது அதுதான் முதல் தடவை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில வாரத்தில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன டாக்டர் மறுபடி மூச்சுமுட்டக் குடித்துவிட்டுத்தான் திரும்பினார். அறுவை சிகிச்சைக்கு முன் கை நடுக்கம் நிற்க, பில்தான் ஒரு பீர் கொடுத்தார். 1935 ஜூன் 10. அதுவே டாக்டரின் கடைசி மது. அந்தத் தேதியைத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். பெயர் சொல்லத் தேவையில்லாத குடிநோயாளிகள் கூட்டம். சுருக்கமாக ஏ.ஏ.

ஏ.ஏ-வின் 12 படிகளைப் பார்த்தால் அதன் ஊற்று எங்கே என்று தெரியும். தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது, கடவுளிடம் ஒப்படைப்பது, செய்த தவறுகளை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது, பாதிக்கப்பட்டவர்களிடம் போய்ச் சரிசெய்வது. ஆரம்பகால உறுப்பினர்களுக்குப் பிடித்தது புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபு நிருபம். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிற பகுதி அதில்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் கிறிஸ்தவர்களாக இருக்கவில்லை என்பதால், 'அவரவர் புரிந்துகொண்டபடி கடவுள்' என்று சேர்த்தார்கள். அந்தத் தாராளம் இல்லையென்றால் இந்த வழி ஆக்ரனைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தியாவுக்கு ஏ.ஏ. வந்தது 1957-ல். தேவாலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும் கூட்டம் நடப்பது வழக்கம். கட்டணம் இல்லை, மதம் கேட்பதில்லை. 'இன்றைக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன்' என்பதே கணக்கு.

'பாதிரியாருக்கு என்ன தெரியும் குடிகாரன் கஷ்டம்?' என்று கேட்பவர்களுக்கு மும்பையில் ஒரு பதில் இருக்கிறது. கத்தோலிக்க குருவான ஃபாதர் ஜோ பெரெய்ரா, தானே குடிநோயில் விழுந்தவர். ஏ.ஏ. மூலம் மீண்டு, 1981-ல் பாந்த்ரா மவுன்ட் கார்மல் ஆலய வளாகத்தில் 'கிருபா' அறக்கட்டளையைத் தொடங்கினார். பி.கே.எஸ்.ஐயங்காரிடம் யோகா கற்றவர், அதையும் சிகிச்சையில் சேர்த்தார். 2009-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பலிபீடத்தில் நிற்கிறவரே 'எனக்கும் இந்த நோய்' என்று சொன்னதுதான் இதில் பெரிய விஷயம்.

இதெல்லாம் வெறும் நம்பிக்கைதானா? 2020-ல் வெளியான காக்ரேன் மருத்துவ ஆய்வறிக்கை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை அலசியது. முறைப்படி ஏ.ஏ. வழிக்குக் கொண்டுவரும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்ததைக் காட்டியது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வருஷக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர், ஜெபக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து அன்றோடு சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு, மூன்று நாளில் கடும் நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். இதைப் பேய் என்று நினைத்துத் தண்ணீர் தெளிக்கிற வீடுகள் உண்டு. வேண்டியது ஆஸ்பத்திரி. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே போய்விட்டு ஜெபத்தைத் தொடரலாம். இரண்டும் மோதிக்கொள்வதில்லை.

அப்புறம், அந்தப் பின்வரிசைப் பெண்?

பில்லின் மனைவி லோயிஸ், ஏறக்குறைய 17 வருஷம் கணவரின் குடியோடு மல்லுக்கட்டியவர். கணவர் குடியை விட்டபின் ஒருநாள், 'மீட்டிங்குக்கு நேரமாச்சு, கிளம்பு' என்றதும், செருப்பைத் தூக்கி எறிந்தாராம். தன்னால் இத்தனை வருஷம் முடியாததை யாரோ சிலர் செய்துவிட்டார்கள் என்ற ஆத்திரம் அது என்று பிற்பாடு அவருக்கே புரிந்தது. குடிப்பவரோடு வாழ்கிறவர்களுக்கும் காயம் உண்டு, அவர்களுக்கும் பேச ஓர் இடம் வேண்டும் என்று 1951-ல் 'அல்-அனான்' என்ற குடும்பத்தினர் குழுவைத் தோழி ஒருவரோடு சேர்ந்து உருவாக்கினார். கணவர் குடியை விடாவிட்டாலும் மனைவி அதில் சேரலாம். கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் இல்லை.

(போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, தமிழக அரசின் உதவி எண் 104. வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம்.)