இணையப் பக்கமும் எழுத்தின் தோற்றமும்

நூலின் பெருமை அதன் பொருளில் உள்ளதேயன்றி அட்டையில் இல்லை என்பர் சான்றோர். இக்கூற்றை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், தமிழ் நூல்கள் இணையத்தில் ஏறியுள்ள இந்நாளில், தோற்றத்தைப் புறக்கணித்தல் பொருளையே புறக்கணித்தலாய் முடியும் என்பது நமது கருத்தாகும்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிட்டே லிண்ட்கார்டும் உடனாய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இணையப் பக்கமொன்றின் கவர்ச்சியைப் பற்றிய எண்ணம் 50 மில்லி வினாடிக்குள் உருவாகிவிடுகிறது எனக் காட்டிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பி.ஜே. ஃபாக் குழுவினர் 2002இல் 2,684 பேரிடம் நிகழ்த்திய ஆய்வில், தளங்களின் நம்பகத்தன்மை குறித்து அவர்கள் கூறிய கருத்துகளுள் 46.1 விழுக்காடு தோற்ற அமைப்பைச் சுட்டின. படிக்கத் தொடங்குமுன்பே கண் தன் தீர்ப்பை வழங்கிவிடுகிறது எனலாம்.

இது புதுமையன்று. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பெற்றன, அடிகளும் பிரிக்கப்பெறவில்லை. அச்சுப் பதிப்புகள் அடிபிரித்து, இடம்விட்டுத் தந்த பின்னரே செய்யுள் பொதுமக்கள் கைக்கு எட்டிற்று. அரபு எழுத்தின் வரலாறும் இத்தகையதே. அரபியர் அல்லாதாரும் திருமறையைப் பிழையின்றி ஓதுதற்பொருட்டுப் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் இடப்பெற்றன. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, எழுதுகோல் இடும் புள்ளியையே அளவாகக் கொண்டு எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தார். அங்கே அழகு, ஓதுவோர்க்குச் செய்த உதவியாகவும் அமைந்தது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனமும் அரிய நூல்களை யாவர்க்கும் எட்டச் செய்துள்ளன. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் இன்று கட்டணமின்றித் திரையில் படிக்கலாம். எனினும் கைப்பேசியின் சிறு திரையில் விருத்தத்தின் நெடிய அடி மடிந்து விழுமாயின், அடிதோறும் நின்றொலிக்கும் எதுகை கண்ணுக்குப் புலப்படாது மறைகிறது. அரபுச் சொல்லுக்குரிய விளக்கம் நீண்ட பக்கத்தின் கடைசியில் கிடக்குமாயின், மாணவர் தேடிச் சலித்து அகல்வர். கிஸ்ஸாவும் மசலாவும் நாமாவும் முனாஜாத்தும் அவர்களுக்குப் பெயரளவிலேயே எஞ்சும்.

கவர்ச்சி மயக்கவும் கூடும் என்பர் சிலர். உண்மையே. ஆதாரமற்ற செய்திகள் பல, பளபளக்கும் பக்கங்களில்தாம் உலவுகின்றன. பொய் பட்டுடுத்தி வருங்கால் மெய் கந்தலுடுத்தி நிற்கவேண்டுமா? அதனாலன்றோ நல்ல நூலுக்கு நல்ல தோற்றம் மேலும் வேண்டுவதாகிறது!

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்பது 2008இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட நெறி. தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் எழுத்தோடு இணைவதால், வரிகளுக்கிடையே தாராளமான இடம் தேவை. அடியை மடிக்காது சீர் நோக்கி முறித்தலும், அருஞ்சொற்பொருளைச் செய்யுளின் அருகிலேயே தருதலும், அசையும் விளம்பரங்களை விலக்கலும் எளியனவே.

சுவடி பெயர்த்தலையும் பாடவேறுபாடு காண்டலையும் கற்பிக்கும் தமிழ்த்துறைகள், திரைப்பக்கம் அமைத்தலையும் பதிப்புக்கலையின் ஒரு கூறாகக் கொண்டு கற்பித்தல் வேண்டும். முன்னோர் ஓலையிலும் தாளிலும் காத்தளித்த செல்வத்தைத் திரையில் படிக்கத்தக்க வடிவில் ஒப்படைத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.