பழைய பேஸ் கிட்டாரும் எர்த் பின்னும்

1/ பழைய பேஸ் கிட்டார் ஒண்ணு சல்லிசா கிடைச்சா வாங்கலாமா? தாராளமா வாங்குங்க. வீட்டிலேயே சரி பண்ணவும் முடியும். ஆனா எதை முதல்ல சரி பண்ணணும்ங்கிறதுல எனக்கு அழுத்தமான கருத்து ஒண்ணு இருக்கு. அரசு மருத்துவமனை டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறீங்களா? 6-வது பதிவுல புரியும்.

2/ ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவிழா மேடைன்னா மெல்லிசைக் கச்சேரி இல்லாம இருக்காது. பேஸையும் கீபோர்டிலேயே வாசிக்க ஆரம்பிச்ச பிறகு, பழைய கிட்டார்கள் பரணுக்குப் போயிடுச்சு. அவற்றைத்தான் இப்போ பசங்க குறைஞ்ச விலைக்கு வாங்குறாங்க. நல்ல விஷயம்.

3/ வாங்கும்போது பெயின்டைப் பார்க்காதீங்க, கழுத்தைப் பாருங்க. ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலயும் கடைசி ஃபிரெட்டிலயும் அழுத்துங்க. நடுவுல விசிட்டிங் கார்டு நுழையுற அளவு இடைவெளி இருந்தா போதும். அதிகமா வளைஞ்சிருந்தா உள்ளே இருக்கிற ட்ரஸ் ராடை ஆலன் கீயால கால் சுற்று மட்டும் திருப்பி, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க. ராட் இறுகிப் போயிருந்தாலோ கழுத்து முறுக்கியிருந்தாலோ வாங்காதீங்க.

4/ மத்ததெல்லாம் சின்ன வேலை. வால்யூம் திருகும்போது கரகரன்னா கான்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது முறை திருப்புங்க. 12-வது ஃபிரெட்டை அழுத்தினா வர்ற சுரம், அதே இடத்து ஹார்மோனிக்கை விட ஏறியிருந்தா பிரிட்ஜ்ல சேடிலைப் பின்னால தள்ளுங்க. இறங்கியிருந்தா முன்னால. புதுக் கம்பி செட் ஒண்ணு போட்டாலே பாதி கிட்டார் புதுசாயிடும்.

5/ சால்டரிங் பண்றீங்களா? சாதாரண ஈயப்பற்றுல காரீயம் உண்டு. அது பெரும்பாலும் கையிலிருந்து வாய் வழியாத்தான் உள்ளே போகும். வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகே சாப்பாடு. குழந்தைகளுக்குக் காரீயத்தில் ‘பாதுகாப்பான அளவு’ என்று ஒன்று கிடையாது. அதனால சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை வேண்டாம். புகை ஆஸ்துமாவைக் கிளப்பும், ஜன்னலைத் திறந்து வைங்க. பழைய பெயின்டைத் தேய்ச்சா என்-95 மாஸ்க் கட்டாயம்.

6/ இப்போ முக்கியமான விஷயம். கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதா? காரணம், பிரிட்ஜிலிருந்து ஜாக்குக்கு ஒரு எர்த் வயர் போகுது. அது கேபிள் வழியா ஆம்ப்ளிஃபயருக்கும், அங்கிருந்து மூணாவது பின் வழியா பூமிக்கும் போகணும். அந்தப் பின் உடைஞ்சிருந்து, ஆம்ப்ளிஃபயரில் கசிவும் இருந்தா, கிட்டார் கம்பிக்கே கரன்ட் வரும். கை கம்பியில், உதடு மைக்கில். கரன்ட் போகும் பாதை உங்க நெஞ்சு வழியா.

7/ பயமுறுத்தலை. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972-ல் ஸ்வான்சீ மேடையில் மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-ல் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது அதேபோல் இறந்தார். அரை நூற்றாண்டு ஆச்சு. நம்ம ஊர்ல இன்னும் ‘இரைச்சல் வருது’ன்னு எர்த் பின்னை உடைக்கிற ஆட்கள் இருக்காங்க.

8/ அதனால என் வரிசை இது. முதல் செலவு எர்த். கிட்டாரை எதிலும் சொருகாம, மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளி உலோகத்துக்கும் தொடர்பு பாருங்க, ‘பீப்’ அடிக்கணும். வீட்டு பிளக் பாயின்டில் எர்த் வருதான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பாருங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்க. கம்பி, பாலிஷ் எல்லாம் அப்புறம்.

9/ விழாக் கமிட்டிக்காரங்களுக்கும் சொல்றேன். சீரியல் லைட்டுக்கும் பட்டாசுக்கும் செலவழிக்கிறீங்க. ஜெனரேட்டருக்கு ஒரு எர்த் கம்பி அடிக்கிறது அதுல ஒரு மூலைக்கு வராது. மேடையில் நிக்கிறது உங்க தெருப் பையன்தான்.

10/ யாருக்காவது ஷாக் அடிச்சா தொடாதீங்க, மெயினை அணைங்க. பேச்சு மூச்சு இல்லைன்னா 108-ஐக் கூப்பிட்டுட்டு, நெஞ்சின் நடுவில் 5–6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100–120 முறை அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நாங்க செய்யறதை விட, அந்த முதல் சில நிமிஷத்துல நீங்க செய்யறதுதான் பெரிசு.

11/ பையன் பழைய கிட்டாரைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தா திட்டாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, பிளக்குல மூணு பின்னும் இருக்கான்னு மட்டும் எண்ணிப் பாருங்க.